'கூலி' யாருடைய சொல்?

கேள்வி கேட்டவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தமிழர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் 'கூலி' என்ற சொல் பேச்சில் வந்திருக்கிறது. இவர் அது தமிழ்ச் சொல் என்றிருக்கிறார். சீன நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. தங்கள் மொழியில் 'கு' என்றால் கசப்பு, துன்பம். 'லி' என்றால் வலிமை. இரண்டும் சேர்ந்ததே அந்தச் சொல் என்றிருக்கிறார். குஜராத்தி நண்பர் அது கோலி என்ற சமூகத்தின் பெயர் என்றிருக்கிறார். இணையத்தில் தேடினால் துருக்கி மொழியில் 'அடிமை' என்று பொருள் வருகிறதாம். இதற்கிடையில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் கிளையிலிருந்து வந்திருந்த தமிழ் வம்சாவளிப் பெண் ஒருவர், "இந்தச் சொல்லை என் முன்னால் சொல்லாதீர்கள்" என்று எழுந்து போய்விட்டார். யார் சொல்வது சரி, அவர் ஏன் கோபப்பட்டார் என்று கேட்கிறார்.

இவை இரண்டும் தனித்தனிக் கேள்விகள். சொல் எங்கே பிறந்தது என்பது ஒன்று. நம் வீட்டில் சாதாரணமாகப் புழங்கும் சொல் வேறொரு நாட்டில் எப்படி வசையானது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குக் கிடைக்கும் விடை இரண்டாவதைத் தீர்க்காது. நான் வரலாற்று மொழியியல் படித்தவன்; அகராதிப் பணியில் சொற்பிறப்புக் குறிப்புகள் எழுதிப் பல வருடப் பழக்கம் உண்டு. திராவிட மொழிகளின் பக்கம் நேரடியாகத் தெரியும். சீனம், துருக்கி இரண்டிலும் எனக்கு நேரடிப் பயிற்சி கிடையாது. அந்தத் துறைக்காரர்கள் எழுதியதை வைத்தே பேசுகிறேன். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் உறுதியானதைச் சொல்லிவிடுகிறேன். 'கூலி' தமிழில் மிகப் பழைய சொல். "தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்" என்ற 619ஆம் குறள் பள்ளியில் படித்ததுதான். குறளின் காலத்தைப் பற்றி அறிஞர்களுக்குள் சண்டை உண்டு. எவ்வளவு பின்னால் தள்ளினாலும், 1498இல் வாஸ்கோட காமா கோழிக்கோட்டுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது என்பதில் சண்டை இல்லை. அங்கே கூலி என்பது உடம்பை வருத்தியதற்குக் கிடைக்கும் பலன். மலையாளம், கன்னடம், தெலுங்கு, துளு ஆகியவற்றிலும் இதே ஒலியோடும் பொருளோடும் இந்தச் சொல் இருக்கிறது. ஆகவே வெளியிலிருந்து நேற்று வந்து ஒட்டிக்கொண்ட சொல் இல்லை. தென்னிந்திய மொழிகளின் பொதுச் சொத்து.

தமிழில் இந்தச் சொல் நடந்துகொள்ளும் விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. நகைக்கடை ரசீதில் செய்கூலி, சேதாரம் என்று இரண்டு வரி இருக்கும். லாரி ஷெட்டில் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி. மாவு மில்லில் அரவைக்கூலி, தையற்கடையில் தையற்கூலி, வயலில் அறுப்புக்கூலி. இத்தனையிலும் கூலி என்பது பணம், அல்லது பணத்துக்குப் பதிலாக அளந்து போடும் நெல். ஆளைக் குறிக்க வேண்டுமானால் இன்னொரு சொல்லைச் சேர்க்க வேண்டும்: கூலியாள், கூலிக்காரர், கூலிப்படை. "மாரடித்த கூலி மடிமேலே" என்ற பழமொழியிலும் மடியில் விழுவது காசுதான். 'தினக்கூலி' என்று ஆளையே சொல்லும் வழக்கம் இன்று செய்தித்தாள்களில் உண்டு, ஆனாலும் தமிழின் பழைய ஓட்டம் அதுவல்ல.

கேரளத்தில் இந்தச் சொல் இன்னும் ஒரு படி போனது. சங்கத்தைச் சேர்ந்த சுமைத் தொழிலாளர்கள், சரக்கை வேறு யாரோ இறக்கினாலும், பார்த்துக்கொண்டு நின்றதற்காகக் கேட்கும் பணத்துக்கு 'நோக்குகூலி' என்று பெயர். 2018 மே 1 முதல் மாநில அரசு அதற்குத் தடை போட்டது. வேலையே செய்யாமல் வாங்கும் பணமும் கூலிதான் என்றால், அந்தச் சொல்லில் பணம் என்ற பொருள் எவ்வளவு அழுத்தமாக உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். இலங்கையில் சிங்களத்துக்குப் போனால் 'குலிய' என்பது வாடகை. வீடு வாடகைக்கு என்று எழுதிய பலகையில் 'குலியட்ட' என்று இருக்கும். டாக்ஸிக்கு ஏட்டு வழக்கில் 'குலீ ரத'. தமிழிலிருந்து போன சொல் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. உழைப்புக்குக் கொடுப்பது, பயன்படுத்துவதற்குக் கொடுப்பதாக நகர்ந்திருக்கிறது. அங்கேயும் அது பணம்தான், ஆள் இல்லை.

ஆனால் உலகம் அறிந்த 'கூலி' ஓர் ஆள். சுமை தூக்குபவர், கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டவர். பணத்தின் பெயர் மனிதருக்கு எப்படி வந்தது என்பதுதான் சிக்கல், இங்கேதான் கோலி வருகிறார்கள். குஜராத்திலும் மகாராஷ்டிரக் கடற்கரையிலும் வாழும் பெரிய சமூகம் அது. மும்பையின் பழங்குடி மீனவர்கள் என்று சொல்லப்படுபவர்கள் அவர்களே. மும்பையில் இன்றும் பல இடங்களில் கோலிவாடா உண்டு. 16ஆம் நூற்றாண்டுப் போர்த்துக்கீசிய ஆவணங்களில் அவர்களின் பெயர் வருகிறது. 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் என்ற புகழ்பெற்ற ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியம், ஆங்கிலச் சொல் முதலில் இந்தச் சமூகத்தின் பெயரிலிருந்து கிளம்பியது, தமிழ்க் கூலியின் ஒலி ஒற்றுமையும் அதற்குக் கை கொடுத்திருக்கலாம் என்ற பக்கம் சாய்ந்தது. உங்கள் குஜராத்தி நண்பர் சொன்னதற்கு இப்படிக் கனமான ஆதரவு இருக்கிறது. ஊர்க்கதை என்று ஒதுக்க முடியாது.

எனக்கு அந்தச் சாய்வில் முழு உடன்பாடில்லை. காரணம் சொல்கிறேன். கோலி என்பதில் ஓகாரம்; ஐரோப்பிய வடிவங்களில் நிலைத்தது ஊகாரம் அல்லது உகரம். ஐரோப்பியர்கள் நம் உயிர் எழுத்துகளை மனம்போனபடி எழுதினார்கள் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. பொருளைப் பாருங்கள். அந்தப் பழைய குறிப்புகளில் கோலிகள் மேற்குக் கரையில் மீன் பிடிப்பவர்கள், குஜராத்தில் வழிமறிப்பவர்கள். நாள் கணக்கில் காசு வாங்கிச் சுமை தூக்கும் ஆள் என்ற பொருள் அதிலிருந்து தானாக வராது. ஆனால் கிழக்குக் கரையில் டச்சுக்காரர்கள் 1610இல் பழவேற்காட்டிலும், ஆங்கிலேயர்கள் 1611இல் மசூலிப்பட்டினத்திலும், 1639இல் சென்னையிலும் காலூன்றினார்கள். படகிலிருந்து மூட்டை இறக்க ஆள் வைக்கும் ஒவ்வொரு நாளும் அவர்கள் காதில் விழுந்திருக்கக்கூடிய சொல் 'கூலி'. 'கூலியாள்' என்பதை முழுதாகச் சொல்ல வராத நாக்கு முன்பாதியோடு நின்றிருந்தால் ஆச்சரியம் இல்லை. 1711இல் சார்ல்ஸ் லாக்கியர் எழுதிய வணிக நூலில், வசதியானவர்கள் பல்லக்கில் போவார்கள், ஆறு அல்லது எட்டுக் 'கூலி'கள் தூக்குவார்கள், தூரம் போகாவிட்டால் ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று பென்ஸ் வாடகை என்று வருகிறது. அந்த நேரத்துக்குள் ஆள் என்ற பொருள் ஆங்கிலத்தில் கெட்டிப்பட்டுவிட்டது.

இங்கே நாமும் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும். மசூலிப்பட்டினம் தெலுங்கு ஊர். தெலுங்கில் கூலி என்பது சம்பளத்தையும் குறிக்கும், அன்றாட வேலைக்குப் போகும் ஆளையும் குறிக்கும். இன்றும் 'கூலீ' என்றால் அங்கே ஆள்தான். அதனால் ஐரோப்பிய மொழிகளுக்குப் போனது தமிழ்க் கூலியா தெலுங்குக் கூலியா என்று கேட்டால், ஆள் என்ற பொருளுக்குத் தெலுங்கு இன்னும் பக்கத்தில் நிற்கிறது. நல்ல ஆங்கில அகராதிகள் சில இந்தி, தெலுங்கு என்று குறிப்பிடுவதற்கு இதுதான் காரணம். யாரும் தமிழை ஓரங்கட்டவில்லை. 'திராவிடச் சொல்' என்று சொன்னால் உறுதியான நிலத்தில் நிற்கிறீர்கள். 'தமிழிலிருந்து மட்டும் போனது' என்றால் அதைக் காட்ட ஆவணம் வேண்டும். மேற்குக் கரையில் கோலி, கிழக்குக் கரையில் கூலி, இரண்டும் ஐரோப்பியர் வாயில் கலந்திருக்கலாம் என்பதையும் மறுக்க முடியாது. நான் திராவிடப் பக்கத்துக்கு அதிக எடை கொடுக்கிறேன். கலப்பே இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

துருக்கிக் கதை வேறு மாதிரி. துருக்கிய மொழிகளில் 'குல்' என்றால் அடிமை, ஊழியர். பாரசீகம் வழியாக அது பெயர்களின் வாலாக வந்தது: ஹைதராபாத்தை 1591இல் நிறுவிய முகம்மது குலி குதுப் ஷா, வங்காளத்தின் முர்ஷித் குலி கான். 'இன்னாரின் அடியவன்' என்ற பக்திப் பொருளில் வைக்கப்பட்ட பெயர்கள் இவை, அரசர்களே வைத்துக்கொண்டார்கள். பின்னால் உருதுவில் சுமை தூக்குபவரைக் குறிக்கும் சொல்லையும், தொண்டையின் அடியில் பிறக்கும் ககர எழுத்தைப் போட்டு, இதே மாதிரி எழுதினார்கள். எழுத்து ஒன்றானதும் பிறப்பும் ஒன்று என்று சில அகராதிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். எழுத்துக்கூட்டல் பிறப்புக்குச் சான்றாகாது. படித்த எழுத்தர், தெரியாத ஊர்ச் சொல்லைத் தனக்குத் தெரிந்த கௌரவமான சொல்லின் உடையில் எழுதுவது எல்லா மொழியிலும் நடக்கிறது. உருதுவில் கூலியை எழுதும் முறையை இந்தத் துருக்கிச் சொல் பாதித்திருக்கிறது என்பது வரை சரி. தென்னிந்தியாவில் 'கூலி' என்ற சொல் துருக்கியர் வருகைக்கு முன்பே இருந்தது என்பதால், மூலம் அதுவாக இருக்க முடியாது.

சீன நண்பரின் விளக்கம் கேட்க மிக அழகாக இருக்கிறது, அதனாலேயே பரவியும் விட்டது. அவர் சொன்ன இரண்டு எழுத்துகளும் உண்மை. அவற்றின் பொருளும் உண்மை. ஆனால் பிறமொழிச் சொல்லை எழுதும்போது ஒலியும் பொருந்தி, பொருளும் ஓரளவு பொருந்தும் எழுத்துகளைத் தேர்ந்தெடுப்பது சீனத்தில் நெடுநாள் பழக்கம். துறைமுகங்களில் ஐரோப்பியர் வாயிலிருந்து வந்த சொல்லுக்கு யாரோ ஒருவர், வேலையின் கொடுமையைப் பார்த்து, இந்த இரண்டு எழுத்துகளைப் போட்டிருக்கிறார். சீனச் சொல்லறிஞர்களும் பொதுவாக இதை இரவல் என்றே கொள்கிறார்கள். ஜப்பானிய மொழி இதற்கு நல்ல சாட்சி. அதே இரண்டு எழுத்துகளை ஜப்பானிய முறைப்படி படித்தால் 'குர்யோகு' என்று வர வேண்டும். ஆனால் ஜப்பானியர்கள் அதை 'கூரீ' என்று வாசிக்கிறார்கள், அதாவது ஒலியைத் தனியாகக் காதால் வாங்கியிருக்கிறார்கள். அப்புறம், 1690களின் தொடக்கத்தில் நாகசாகியில் இருந்த ஜெர்மானிய மருத்துவர் எங்கல்பர்ட் கெம்ஃபர், டச்சுக் கப்பல்களில் சரக்கு இறக்கும் துறைமுக ஆட்களை இந்தச் சொல்லால் குறிப்பிடுகிறார். அவர் நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1727இல் வந்தது. சீனத் தொழிலாளர்கள் பெரும் எண்ணிக்கையில் கடல் கடந்த 19ஆம் நூற்றாண்டுக்கு வெகு முன்பே டச்சு வணிகப் பாதையில் இந்தச் சொல் கிழக்கே போய்விட்டது. உங்கள் நண்பரிடம் "நீங்கள் சொன்ன பொருள் சரி, பிறப்பு மட்டும் சரியில்லை" என்று சொல்லலாம். அந்த எழுத்துகளுக்குப் பின்னால் கியூபாவுக்கு 1847 முதல் 1874 வரை கொண்டுபோகப்பட்ட ஏறத்தாழ 1,25,000 சீனர்களின் வாழ்க்கை இருக்கிறது. அவர்களுக்கு அது வெறும் ஒலிபெயர்ப்பாக இருந்திருக்காது.

சரி, டர்பன் பெண்ணுக்கு வருவோம். பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் 1834இல் நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். அந்த வருடமே மொரீஷியஸுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றி அனுப்பத் தொடங்கினார்கள். 1838இல் பிரிட்டிஷ் கயானா, 1845இல் டிரினிடாட், 1860இல் டர்பன் இருக்கும் நேட்டால், 1879இல் பிஜி. நேட்டாலுக்குப் போன முதல் கப்பலான 'ட்ரூரோ' சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. 1911 வரை அங்கே போனவர்கள் சுமார் 1,52,000 பேர். பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாக. அரசு ஏடுகளில், சட்டத் தலைப்புகளில், தோட்டக் கணக்குகளில் இவர்கள் எல்லோருக்கும் ஒரே பெயர். நாட்டில் அறுப்புக்குப் போய்க் கூலி வாங்கி வந்தவர், அங்கே போனதும் தானே கூலியாகிவிட்டார். வாங்கிய பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குத் திரும்பும் உரிமை முதல் சொல்லில் இருந்தது. ஒப்பந்தம் முடியும் வரை தோட்டத்தைவிட்டு வெளியே போகச் சீட்டு கேட்ட வாழ்க்கையில் அது இல்லை.

அதோடு நிற்கவில்லை. இன்றைய தென்னாப்பிரிக்காவில் இருந்த டிரான்ஸ்வாலின் 1885ஆம் ஆண்டு 3ஆம் சட்டம், 'கூலிகள்' எனப்படுவோர், அராபியர், மலாய்க்காரர், துருக்கி ஆட்சியின் முகம்மதியக் குடிகள் என்று வரிசையாகப் பெயர் சொல்லி, குடியுரிமையையும் நில உரிமையையும் மறுத்தது. கவனியுங்கள், அந்தப் பட்டியலில் கூலி என்பது ஓர் இனத்தின் பெயர். அதனால்தான் தென்னாப்பிரிக்காவில் கடை வைத்திருந்தவர் 'கூலி வணிகர்' ஆனார், 1893இல் போன காந்தி 'கூலி பாரிஸ்டர்' ஆனார். தமிழர்களின் பெயர்கள் 'சாமி' என்று முடிவதைப் பார்த்து இந்தியர்களை 'சாமி' என்றும் கேலியாக அழைத்தார்கள் என்று அவரே தன் வரலாற்றில் எழுதுகிறார். அந்தச் சொல்லுக்கு எசமானர் என்று பொருள் என்பதையும் சுட்டிக்காட்டுகிறார். உழைப்புக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பே இல்லாமல் போய், தோலின் நிறத்துக்கு வைத்த வசையாக அது நின்றுவிட்டது. உங்கள் அலுவலகப் பெண் கேட்டு வளர்ந்தது இந்தச் சொல்லை. நீங்கள் சொன்னது குறளின் சொல். ஒலி மட்டும்தான் ஒன்று.

வேறு இடங்களில் அதே சொல் வேறு வேறு நிறம் பிடித்தது. ஜமைக்காவில் நம் இலந்தைப்பழத்துக்கு 'கூலி பிளம்' என்று பெயர். யாருடன் அந்தப் பழத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள் என்பது பெயரிலேயே இருக்கிறது. மொரீஷியஸின் போர்ட் லூயிஸில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இறங்கிய படித்துறை முன்பு 'கூலி காட்'; இன்று 'ஆப்ரவாசி காட்', 2006 முதல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம். இலங்கைத் தோட்டங்களில் வரிசை வீடுகளைத் துரைமார்கள் 'கூலி லைன்' என்றார்கள். அதில் முன்பாதி உதிர்ந்து 'லயன்', 'லயம்' என்று நம் மக்கள் வாயில் நிலைத்தது. டச்சுக்காரர்கள் சுமத்ராவின் கிழக்குக் கரைத் தோட்டங்களுக்காக 1880இல் கொண்டுவந்த சட்டத்தின் பெயரே கூலிச் சட்டம். வேலையைவிட்டு ஓடினால் சிறை. ஆனால் இன்றைய இந்தோனேசிய மொழியில் 'குலி பாங்குனான்' என்றால் கட்டட வேலையாள், 'குலி திந்தா' என்றால் மைக்கூலி, அதாவது பத்திரிகையாளர். பத்திரிகைக்காரர்கள் தங்களையே அப்படிச் சொல்லிக்கொள்வார்கள். டச்சிலும் இதே அமைப்பில் மைக்கூலி என்ற சொல் உண்டு. அங்கிருந்து வந்திருக்கலாம் என்பது என் ஊகம். கிழக்கு ஆப்பிரிக்க சுவாஹிலியில் 'குலி' துறைமுகத் தொழிலாளி. வட இந்தியாவில் சிவப்புச் சட்டையும் பித்தளை வில்லையுமாக ரயில் நிலையத்தில் நிற்பவர். 2016 ரயில்வே பட்ஜெட்டில் அவரை இனி 'சகாயக்' என்று அழைப்போம் என்று அறிவித்தார்கள். பயணிகள் வாயில் பழைய பெயர் அப்படியேதான் இருக்கிறது.

ஒலியை மட்டும் நம்பிப் போனால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் ஓரிரண்டு சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் பார்த்த இணையப் பக்கங்கள் பெரும்பாலும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. பிரெஞ்சு சமையலில் 'கூலி' என்று ஒரு பழக்கூழ் உண்டு. அது 'வழிந்து ஓடு' என்ற வினையிலிருந்து வந்தது, நமக்குச் சம்பந்தமில்லை. ஜெர்மன் கதை இதைவிடச் சுவையானது. அங்கே பால்பாயிண்ட் பேனாவைப் பேச்சில் 'கூலி' என்பார்கள். பேனாவின் முழுப்பெயரான 'கூகல்ஷ்ரைபர்' என்பதன் சுருக்கம் அது. ஆனால் ஹாம்பர்க்கில் 1928இல் 'டின்டென்கூலி' என்ற பெயரில் ஒரு மைப்பேனா வந்தது. மை சுமக்கும் கூலி என்பதுதான் அந்தப் பெயர். அந்த நிறுவனம்தான் பின்னால் ரோட்ரிங் ஆனது. பேனாவுக்கு அந்தச் சுருக்கப் பெயர் ஒட்டிக்கொண்டதில் இந்தப் பழைய பெயருக்கும் பங்கு இருக்கலாம். அது நிரூபிக்கப்பட்டது அல்ல. நம் மொழிக்குள்ளேயே ரோமன் எழுத்தில் 'கே-யு-எல்-ஐ' என்று எழுதினால் கூலி, கூளி, குளி, குழி நான்கும் ஒன்றாகிவிடும். ஆகவே யாராவது ஆங்கில எழுத்தில் இரண்டு சொல்லை அருகருகே வைத்து "பார், ஒன்றுதான்" என்றால், முதலில் அந்தந்த மொழியின் எழுத்தில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். அடுத்து, எந்த ஆண்டிலிருந்து பதிவு இருக்கிறது என்று கேளுங்கள்.

தமிழுக்குள்ளும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. தானியத்தைக் குறிக்கும் 'கூலம்' என்ற சொல்லிலிருந்து கூலி வந்தது, பழங்காலத்தில் தானியமாகத்தான் அளந்தார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். சம்பளத்தைத் தானியமாக அளந்தது உண்மை. இரண்டு சொற்களின் ஒலியும் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் கூலம் கூலியாக மாறிய வழியை மற்றத் திராவிட மொழிகளோடு ஒப்பிட்டுக் காட்டினால்தான் அதை ஏற்க முடியும். அதுவரை நல்ல ஊகம் என்ற அளவில் வைத்துக்கொள்வது நல்லது.

உங்கள் மேசைக்குத் திரும்பினால், சீன நண்பரிடமும் குஜராத்தி நண்பரிடமும் மேலே சொன்னதைப் பேசலாம். இருவர் சொன்னதிலும் எடுத்துக்கொள்ள ஏதோ இருக்கிறது. டர்பன் பெண்ணிடம் இந்தச் சொற்பிறப்பைக் கொண்டுபோய் "உண்மையில் இது நல்ல சொல்தான்" என்று விளக்கப் போகாதீர்கள். அவருக்கு அதன் பிறப்பு தெரியாமல் கோபம் வரவில்லை. தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, அவர் முன்னால் அதைத் தவிர்த்துவிடுங்கள். பிறகு அவரே தன் கொள்ளுப்பாட்டி எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்று பேச்சு எடுத்தால், அப்போது குறளைச் சொல்லுங்கள்.